தேர்ச்சி விகிதம் மட்டும் போதுமா?

எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்ததும் எந்தக் கல்வி மாவட்டம் முந்தியது என்ற பேச்சு கர்நாடகத்தில் கிளம்பிவிடும். பெங்களூரு மாநகரத்துக்கே வடக்கு, தெற்கு என்று இரண்டு கல்வி மாவட்டங்கள்.

2023-இல் மாநிலத் தேர்ச்சி 83.89 சதவீதம். 2024-இல் தேர்வு அறைகளில் கேமரா வைத்து நேரலையில் கண்காணித்தார்கள். கருணை மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்தும் தேர்ச்சி 73.40-க்கு இறங்கியது!

பள்ளி அளவிலும் இதே குழப்பம்தான். ஒரு அரசுப் பள்ளியில் பத்துப் பேர் எழுதிப் பத்துப் பேரும் தேறினால் நூறு சதவீதம். இன்னொன்றில் இருநூறு பேரில் நூற்றெண்பது பேர் தேறினால் தொண்ணூறுதான். எந்தப் பள்ளி அதிகம் உழைத்தது?

விகிதத்தைத் தாண்டியும் ஒரு பள்ளியை அறிய வழி இருக்கிறது. நாட்டின் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் உண்டு. ஆசிரியர், மாணவர் எண்ணிக்கை, கழிப்பறை வசதி போன்ற விவரங்களை அதை வைத்து இணையத்தில் பார்க்கலாம். பிள்ளையைச் சேர்க்கும் முன் பெற்றோர் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.