கேஸ் தீருமா?



மெக்கானிக்கல் படித்த நானே மூன்று கோடை ஏமாந்தேன். வீட்டு ஏ.சி. குளிரவில்லை. "கேஸ் கம்மி சார்" என்றார் வந்தவர், நிரப்பினோம். அடுத்த சித்திரையிலும் அதே கதை. அட, கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்வதற்கு? மூடிய குழாய்க்குள் ஆவியாகி, திரவமாகிச் சுற்றிக்கொண்டே இருப்பது அது. குறைந்தால் எங்கேயோ கசிகிறது.

நான்காவது கோடையில் அம்மாதான், "சிலிண்டருக்குத் தடவுற மாதிரி சோப்பு நுரை தடவிப் பாரேன்டா" என்றார். வெளி யூனிட் நட்டில் குமிழி! குழாய் முனையை வெட்டிப் புதிதாய் விரித்து, வேக்குவம் இழுத்து, எடை பார்த்து நிரப்பினோம். இரண்டு கோடை ஆயிற்று, யாரையும் கூப்பிடவில்லை.

தம்பிகளே, பழைய ஆர்-22 கசிந்தால் ஓசோனுக்குக் கேடு. இப்போது வரும் ஆர்-32 தீப்பற்றக்கூடியது, ஆர்-290 புரொப்பேனேதான். நிரப்ப வருபவரிடம் "எங்கே கசியுது?"ன்னு முதல்ல கேளுங்க.