எமாமாவின் அடுக்களையில் கற்ற பாடம்

(ஆதரவாளர் கூடுகையில் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஊழிய அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். நான் சமையலைப் பற்றிப் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு நர்ஸாக நான் கற்ற முக்கியமான பாடம் ஒன்று, வார்டில் அல்ல, ஒரு அடுக்களையில்தான் கிடைத்தது.

2013 செப்டம்பரில் பயிற்சிக்காக எத்தியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவுக்குப் போனேன். அங்கே அப்போதுதான் 2006-ஆம் ஆண்டு பிறந்திருந்தது! அவர்கள் நாட்காட்டியில் 13 மாதங்கள். புத்தாண்டு செப்டம்பரில் வருகிறது. ஒன்பது மாதம் தங்குவதற்கு ஒரு குடும்பத்தார் தங்கள் வீட்டில் எனக்கு ஒரு அறை கொடுத்தார்கள். வீட்டில் ஒரு வயதான தாயாரும், அவர் மகளும், இரண்டு பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். பெரியவரை எல்லாரும் "எமாமா" என்றே அழைப்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன்.

அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலே, நம் ஊட்டியைவிடச் சற்று உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். ஆனால் பருப்பு வேகாது. முதல் வாரம் நான் வைத்த சாம்பாரில் பருப்பு கல்லைப்போல் கிடந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். எமாமா ஒன்றும் சொல்லாமல், கொண்டைக்கடலை மாவில் "ஷிரோ" என்ற குழம்பைக் காய்ச்சி என் முன் வைத்தார்கள்.

அவர்களுடைய அன்றாட உணவு இஞ்செரா. கடுகைவிடச் சிறிய தெஃப் என்ற தானியத்தை மாவாக்கிக் கரைத்து, முந்திய மாவில் எடுத்துவைத்த புளித்த நீரைச் சேர்த்து, இரண்டு மூன்று நாள் புளிக்க வைப்பார்கள். அகன்ற கல்லில் வெளி ஓரத்திலிருந்து உள்ளே சுற்றி ஊற்றி மூடிவைத்தால், நம் ஆப்பத்தைப்போல மேலெல்லாம் துளை விழும். அதை அவர்களும் "கண்" என்றே சொல்கிறார்கள். தோசை ஞாபகத்தில் நான் அதைத் திருப்பிப் போடப்போய்க் கிழித்துவிட்டேன். இஞ்செராவைத் திருப்பக் கூடாது!

ஒரே தட்டைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். முதல் நாள் இரவே எமாமா ஒரு கவளத்தைச் சுருட்டி என் வாயருகே நீட்டினார்கள். எச்சில் பார்த்து வளர்ந்தவள் நான், கூசிப்போனேன். மகள் சொன்னாள்: "அக்கா, இதற்குப் பெயர் குர்ஷா. அன்புள்ளவர்களுக்குத்தான் ஊட்டுவோம். வேண்டாம் என்று சொல்லக் கூடாது." வாயைத் திறந்தேன். கண்ணில் நீர் வந்தது. பெர்பெரே மிளகாய்ப் பொடியின் காரமும் அதற்குக் காரணந்தான்.

அவர்கள் கடிகாரமும் வேறு. விடியற்காலையிலிருந்து எண்ணுவார்கள். நமக்குக் காலை ஏழு மணி, அவர்களுக்கு ஒரு மணி. "ஒன்பது மணிக்குக் காப்பி குடிக்க வா" என்று அயல்வீட்டார் அழைத்தார்கள். காலை ஒன்பதுக்குப் போய் நின்றேன். அவர்கள் சொன்னது பிற்பகல் மூன்று மணியை! இதையெல்லாம் வேடிக்கையாகவே எழுதி வீட்டுக்குக் கடிதம் அனுப்பினேன். அது எவ்வளவு பெரிய காரியம் என்று பின்னால்தான் விளங்கியது.

எமாமாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை வியாதி. நான் போன புதிதில் மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்து, "காலை மாத்திரையைத் தவறவிடாதீர்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். அவர்களும் தவறவிடவில்லை.

2014 பிப்ரவரியில் பெரிய நோன்பு தொடங்கியது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையாருக்கு அது 55 நாட்கள். இறைச்சி, பால், முட்டை எதுவும் தொடமாட்டார்கள். பக்தியுள்ளவர்கள் பிற்பகல்வரை தண்ணீரும் குடிப்பதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நான் முன்னதாகவே வீடு திரும்பினேன். எமாமா அடுக்களைத் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். உடம்பெல்லாம் வேர்வை, கை நடுங்கியது, பேச்சு குழறியது. இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பார்த்தவுடனே தெரிந்தது. சர்க்கரையைக் கரைத்துக் கொண்டுபோனேன். அவர்கள் உதட்டை இறுக மூடிக்கொண்டு, "ஒன்பது மணி ஆகவில்லை" என்று தலையசைத்தார்கள். மணி அப்போது பதினொன்று. இன்னும் நான்கு மணி நேரம் அவர்கள் தாங்கமாட்டார்கள்.

என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு கரண்டியை எடுத்து வாயருகே நீட்டி, "எமாமா, குர்ஷா" என்றேன். அவர்கள் என்னையே பார்த்தார்கள். பிறகு வாயைத் திறந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தம்ளர் முழுவதையும் ஊட்டினேன். கால் மணி நேரத்தில் தெளிவு வந்தது. தெளிந்ததும் நோன்பு முறிந்ததென்று அழுதார்கள். நானும் அழுதேன். ஏனென்றால் தவறு என்னுடையது. ஐந்து மாதம் அவர்கள் பக்கத்தில் நின்று சமைத்தும், "நோன்பு நாளில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?" என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. வெறும் வயிற்றில் அந்த மாத்திரை என்ன செய்யும் என்று அறிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

மகள் அவர்களுடைய குருவானவரை அழைத்துவந்தாள். நோயாளிகளுக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மருத்துவரும் மாத்திரையை மாற்றி எழுதினார். கடைசியில் எமாமாவே ஒரு வழி சொன்னார்கள்: காலையில் சாப்பிடுவேன்; ஆனால் பாலும் இறைச்சியும் ஈஸ்டர்வரை தொடமாட்டேன். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர். கோழிக்குழம்பில் அவித்த முட்டையைப் போட்டு, முதல் கவளத்தை எமாமா எனக்குத்தான் ஊட்டினார்கள். பிறகு புல் பரப்பி, பச்சைக் காப்பிக்கொட்டையை வறுத்து, இடித்து, மண் கூஜாவில் காய்ச்சி மூன்று சுற்று ஊற்றினார்கள். மூன்றாம் சுற்றுக்கு "பெரெக்கா" என்று பெயர். ஆசீர்வாதம் என்று அர்த்தம். அதைக் குடிக்காமல் எழுந்து போகக் கூடாது.

திரும்பி வந்தபின், மாத்திரை கொடுக்குமுன் நான் எல்லாரையும் கேட்கிறேன்: "அம்மா, காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? எத்தனை மணிக்கு? உபவாசமோ விரதமோ நோன்போ உண்டா?" கேட்டால் சொல்லுகிறார்கள். கேட்காவிட்டால் யாரும் தானாகச் சொல்வதில்லை.

கர்த்தர் உங்கள் வீடுகளையும் அடுக்களைகளையும் ஆசீர்வதிப்பாராக.