ரவுட்டர் மெசினும் ஐந்து நட்சத்திரமும்

(நாயாற்றில், மலையகத்தில் இருந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களும் தோட்டத்து இளைஞர்களும் கூடிய மரவேலைப் பயிற்சிச் சந்திப்பில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)



மலையில இருந்து ராத்திரி பஸ் ஏறி வந்த பிள்ளைகளும், இந்த நாயாறு, செம்மலை, அளம்பில் பக்கத்து நம்ம சொந்தக்காரங்களும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க சந்தோசமாக இருக்கிறது. 1977-லயும் 1983-லயும் லயத்தை விட்டு ஓடி வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறினவங்களோட பேரப் பிள்ளைகள் இன்றைக்கு இங்கே கதவு, யன்னல் செய்கிறார்கள். வடக்கில் இந்திய வீட்டுத் திட்டம் தொடங்கியதில் இருந்து இந்தப் பக்கம் தச்சு வேலைக்குக் குறைவில்லை. அந்த 50,000 வீட்டில் 4,000 நம்ம மலைநாட்டுக்கும் ஒதுக்கப்பட்டது. வீடு என்றால் நிலை வேணும், கதவு வேணும். அதனால்தான் நம்ம பையன்கள் இப்போது ரவுட்டர் மெசின், ரவுட்டர் மெசின் என்று கேட்கிறார்கள்.

தெரியாத அம்மாமார்களுக்காக ஒரு வார்த்தை. ரவுட்டர் என்றால் நிற்கவைத்த ஒரு மோட்டார். அதன் அடியில் ஒரு வெட்டும் பிட் பூட்டியிருக்கும். நிமிடத்துக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் தடவை சுற்றும். கதவு விளிம்பை உருட்டுவது, யன்னலில் கண்ணாடி உட்காருகிற படியை வெட்டுவது, பிணைச்சலுக்குக் குழி எடுப்பது, பலகையில் கால்வாய் போடுவது எல்லாம் அது செய்யும். முந்தி பெரிய ஆசாரிமார் ஒவ்வொரு டிசைனுக்கும் ஒவ்வொரு சீவுளி வைத்திருந்தார்கள். ஒரு நாள் முழுக்கச் சீவியதை இது ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடும். போனில் வெறுமனே ரவுட்டர் என்று தேடினால் இன்டர்நெட் பெட்டிதான் வரும். மரவேலை ரவுட்டர் என்று தேட வேண்டும். சிரிக்காதீங்க, அந்தப் பெட்டிக்கு ஓடர் போட்ட ஆளும் இருக்கிறார்.

காசுக் கணக்கைப் பாருங்க. 2024-ல் தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அந்தக் கணக்கில் முப்பதாயிரம் ரூபாய் மெசின் என்றால், ஒரு தாய் 22 நாளைக்கு மேல் கூடை சுமந்த காசு. பல வீட்டில் அது சீட்டுக்காசு, இல்லாட்டி நகை அடகு, இல்லாட்டி வாராவாரம் வாசலுக்கு வந்து நிற்கிற நுண்கடன். மெசின் உழைக்காவிட்டாலும் கடன்காரன் வராமல் இருக்க மாட்டான். ஆகவே எந்த மெசின் என்பதை ஆற அமர யோசிக்க வேண்டும்.

ரவுட்டரில் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, ஒரு கையால் பிடிக்கிற சின்ன டிரிம்மர். உதாரணத்துக்கு மக்கிட்டா 3709 என்ற மெசின் 530 வாட், நிமிடத்துக்கு 30,000 சுற்று. இரண்டாவது, இரண்டு கைப்பிடி உள்ள, அமுக்கினால் பிட் கீழே இறங்குகிற பெரிய வகை. மக்கிட்டா 3612 அந்த மாதிரி. 1,600 வாட் அளவு, 22,000 சுற்று. சின்னது விளிம்பு உருட்ட, பிணைச்சல் குழி எடுக்க, பூவேலைக்குப் போதும். தினமும் நிலையும் யன்னலும் செய்கிறவனுக்குப் பெரியது வேண்டும். என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குகிறவன் நல்ல சின்ன மெசினை வாங்கி, ஆறு மாதம் உழைத்துவிட்டுப் பெரியதைப் பார்க்கட்டும். மலிவான பெரிய மெசினை விட தரமான சின்ன மெசின் மேல்.

இங்கே மரத்தையும் யோசிக்கணும். மலையில நாம சீவுறது சபுக்கு, டர்பன்டைன். இந்தப் பக்கம் முதிரையும் பாலையும். முதிரை இரும்பு மாதிரி. சபுக்கில் வெண்ணெய் போல ஓடுகிற மெசின் முதிரையில் மூச்சுத் திணறும். (முதிரை ஏற்றிக்கொண்டு போக பெர்மிட் வேணும் என்பதையும் மறக்காதீங்க. மரம் மலிவு என்று லொறியில் ஏற்றிவிட்டு நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டாம்.)

இப்ப முக்கியமான ஒரு சங்கதி. பிட்டின் காலைப் பிடிக்கிற இடத்தைக் கொலட் என்பார்கள். அது 6 மில்லிமீட்டர், கால் அங்குலம், 8 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டர், அரை அங்குலம் என்று பல அளவில் வரும். கால் அங்குலம் என்றால் 6.35 மில்லிமீட்டர். கண்ணுக்கு 6-ம் 6.35-ம் ஒன்றுதான். மெசினுக்கு அப்படி இல்லை. கால் அங்குலக் கொலட்டில் 6 மில்லிமீட்டர் பிட்டைப் போட்டால் எவ்வளவு முறுக்கினாலும் சரியாகப் பிடிக்காது. முப்பதாயிரம் சுற்றில் அந்த பிட் நழுவிக் கீழே இறங்கும், அல்லது கழன்று பறக்கும்.

எங்கள் பிரிவில் ஒரு தம்பிக்கு இதுதான் நடந்தது. அம்மாவின் சீட்டுக்காசில் போன் மூலம் ஒரு மெசின் எடுத்தான். ஐந்து நட்சத்திரம், 3,000 வாட் என்று போட்டிருந்தது. டவுனில் பிட் வாங்கிப் பூட்டினான். முதல் பலகையிலேயே பிட் இறங்கிப் பலகை பாழ். கை தப்பியது தெய்வச் செயல். கடைக்காரன் போனை எடுக்கவில்லை. பிறகு அந்த மெசினுக்குக் கீழே சனங்கள் எழுதியிருந்த கருத்துகளை நானும் அவனும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தோம். "சாமான் சீக்கிரம் வந்தது, நன்றி." "பார்சல் நல்லா சுற்றியிருந்தது." "இன்னும் பாவிக்கவில்லை, பார்க்க வடிவாக இருக்கு." இப்படிப் போட்டவர்கள் எல்லோரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். இதெல்லாம் பார்சல் கொண்டு வந்தவனுக்குக் கிடைத்த நட்சத்திரமே ஒழிய மெசினுக்குக் கிடைத்தது இல்லை. அடியில் இரண்டு நட்சத்திரக்காரர் ஒருவர், பிட் பிடிக்கவில்லை, கால் அங்குல பிட்தான் வேணும் என்று எழுதியிருந்தார். இன்னொருவர் இரண்டு கிழமையில் காபன் எரிந்தது என்று எழுதியிருந்தார். தேவையான விசயம் அங்கேயேதான் கிடந்தது.

நம்ம வீட்டில் பையனுக்குப் பொண்ணு பார்க்கும்போது தரகர் பேச்சை மட்டும் நம்பியா போறோம்? பக்கத்து லயத்தில் விசாரிக்கிறோம், பீலிக்கரையில் விசாரிக்கிறோம். கறவை மாடு வாங்கினால் பால் கறந்து காட்டச் சொல்கிறோம். அந்தப் புத்தியைப் போனைக் கையில் எடுத்ததும் ஏன் கீழே வைக்கிறோம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

நட்சத்திரத்தை வாசிக்கும் விதம் ஒன்று உண்டு. மூன்று பேர் கொடுத்த ஐந்து நட்சத்திரத்தை விட, அறுநூறு பேர் கொடுத்த 4.3 பெரியது. முதலில் மூன்று, இரண்டு நட்சத்திரக் கருத்துகளைப் படியுங்க. கோபத்தில் ஒன்று போட்டவனும் சந்தோசத்தில் ஐந்து போட்டவனும் அதிகம் விளக்க மாட்டார்கள். நடுவில் இருப்பவன்தான் இது சரி, இது பிழை என்று பிரித்துச் சொல்வான். வாங்கி எத்தனை நாளில் எழுதினான் என்று பாருங்க. ஆறு மாதம் வேலை செய்துவிட்டு எழுதின ஒரு வரி, அன்றைக்கே எழுதின ஐம்பது வரிக்குச் சமம். என்ன மரத்தில் வெட்டினான்? அமெரிக்காவில் பைன் பலகை வெட்டுகிறவன் சூப்பர் என்பது முதிரைக்குச் செல்லாது. அவர்களுடைய கரண்டும் 120 வோல்ட்; நம்முடையது 230. அங்கிருந்து யாராவது மெசின் அனுப்பினால் நேராக இங்கே சொருகி விடாதீங்க, புகைந்து போகும்.

ஒரே மாதிரி வாக்கியம் ஐந்தாறு பேர் பெயரில், இரண்டு மூன்று நாளுக்குள் வந்திருந்தால் விட்டு விலகுங்க. கூலிக்கு எழுதுகிற ஆட்கள் உண்டு. இது நான் கற்பனையாகச் சொல்லவில்லை. பொய்க் கருத்து எழுத ஆள் பிடித்த 10,000-க்கும் மேற்பட்ட பேஸ்புக் குழுக்களை நடத்தினவர்கள் மேல் 2022 யூலையில் அமேசன் கம்பனியே வழக்குப் போட்டது. சில பார்சலுக்குள் சின்னத் துண்டு ஒன்று இருக்கும்: ஐந்து நட்சத்திரம் போட்டுப் படம் அனுப்பினால் காசு திருப்பித் தருவோம் என்று. அந்தத் துண்டு வந்தால் அந்தச் சாமானின் மற்ற நட்சத்திரங்கள் எப்படி வந்தன என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

இதைவிடத் தந்திரமான வேலையும் உண்டு. ஏற்கெனவே நல்லாப் போகிற ஒரு சாமானோடு புதுச் சாமானை ஒட்டி, பழையதன் நட்சத்திரத்தைப் புதியது எடுத்துக்கொள்ளச் செய்வார்கள். அமெரிக்காவில் பவுன்டிஃபுல் என்ற விட்டமின் கம்பனி இப்படிச் செய்ததற்காக 2023 பெப்ரவரியில் 6 லட்சம் டொலர் கட்ட நேர்ந்தது. ஆகவே ரவுட்டருக்குக் கீழே கருத்து வாசிக்கும்போது, அவர்கள் பேசுவது ரவுட்டரைப் பற்றியா, வேறு கிரைண்டரைப் பற்றியா என்று படத்தோடு சேர்த்துப் பாருங்க. இந்தியாவில் 2022 நவம்பரில் இப்படியான கருத்துகளுக்கு ஐ.எஸ். 19000 என்று ஒரு தரக்கட்டளையே வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 2024 ஒக்டோபரில் இருந்து பொய்க் கருத்து விற்பதும் வாங்குவதும் தடை. ஏமாற்று உலகம் முழுக்க இருப்பதால்தானே சட்டம் வருகிறது.

நம்ம நாட்டில் 2003-ம் ஆண்டின் 9-ம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. பொருளைப் பற்றி ஏமாற்றும் விதமாக நடந்துகொள்வது அதன்படி குற்றம். ரசீதை வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். அவர்களுடைய போன் இலக்கம் 1977. இந்த இலக்கத்தை நம்ம சனத்துக்கு மனப்பாடம் செய்ய வைக்கத் தேவையில்லை. அந்த வருசத்தை மறந்த பாட்டி இங்கே யாரும் இல்லை.

வாட் கணக்கை நீங்களே போடலாம். மெசினில் ஒட்டியிருக்கும் தகட்டில் அம்பியர் எழுதியிருக்கும். அதை 230-ஆல் பெருக்குங்க. 2.5 அம்பியர் என்றால் 575 வாட். பெட்டியில் 3,000 வாட் என்று அடித்திருந்தாலும் தகட்டுக் கணக்குத்தான் பேசும். தகடே இல்லாத மெசினைத் தொடவே வேண்டாம். 13 அம்பியர் பிளக் தாங்குவதே ஏறக்குறைய 3,000 வாட்தான். லயத்துப் பழைய வயரில் மின்குமிழ் ஹோல்டரில் இருந்து கரண்ட் இழுத்துப் பெரிய மெசின் ஓட்ட நினைக்கிறவர்கள், அடுத்த காம்பராப் பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ளணும். லயத்தில் ஒரு காம்பரா பற்றினால் வரிசையே போகும்.

கடையில் நேரே வாங்கினால் இன்னும் நல்லது. கொலட்டைக் கழற்றி அளவு கேளுங்க. பிளக்கைக் கழற்றிவிட்டு அச்சைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்க. ஆடினால் பெயாரிங் சரியில்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு இருந்தால் நல்லது. அகலமான பிட்டை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் அகலமானதை 30,000 சுற்றில் போடவே கூடாது. காபனும் கொலட்டும் கிளிநொச்சியிலோ ஹட்டனிலோ கிடைக்குமா என்று வாங்கும் முன்னமே கேளுங்க. ஆயிரம் ரூபாய்ச் சாமான் கிடைக்காமல் முப்பதாயிரம் ரூபாய் மெசின் மூலையில் கிடக்கும். நாயாற்றுக்காரங்களுக்கு ஒன்று தனியாகச் சொல்லணும். இந்தக் கடல்காற்றில் உப்பு இருக்கு. வேலை முடிந்ததும் கொலட்டைத் துடைத்து ஒரு துளி எண்ணெய் விடாவிட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதிரைத் தூள் தோலில் பட்டால் சிலருக்குச் சொறியும் கொப்புளமும் வரும். மரத்தூள் நெடுநாள் மூக்கில் போனால் புற்றுநோய் வரலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1995-லேயே எழுதி வைத்திருக்கிறது. மாஸ்க், கண்ணாடி, காதுக்கு அடைப்பு இந்த மூன்றும் மெசின் விலையோடு சேர்ந்த கணக்கு. தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள்: பட்டறைக்குள் குழந்தைகளை விளையாட விடாதீங்க.

மெசினை ஓட்டும் விதத்தை வெளியில் பாஸ்மார் காட்டுவார்கள். பலகையின் விளிம்பு உங்களுக்கு நேரே இருந்தால் இடமிருந்து வலமாகத்தான் தள்ளணும். வலமிருந்து இடமாகப் போனால் மெசின் உங்கள் கையை இழுத்துக்கொண்டு ஓடும். ஒரே தடவையில் ஆழமாக வெட்ட ஆசைப்படாதீங்க. முதிரையில் ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டர் போதும். பிட்டை அடிவரை இறக்கி, இரண்டு மில்லிமீட்டர் மேலே இழுத்துவிட்டு முறுக்குங்க.

வேப்பமரத்தடியில் இரண்டு மெசின் வைத்திருக்கு, ஒரு துண்டு முதிரையும் ஒரு துண்டு சபுக்கும் வைத்திருக்கு. இரண்டிலும் ஒவ்வொருவராக வெட்டிப் பார்க்கலாம். சாரம் கட்டியிருக்கிறவங்க மடித்து இறுக்கிக் கட்டிட்டு வாங்க, தலைமுடி நீளமான தங்கச்சிமார் கொண்டை போட்டுக்கொள்ளுங்க. கண்ணாடி நாலுதான் இருக்கு, மாற்றி மாற்றிப் போடுவோம்.