கட்டடத்துக்கும் ஸ்டார் உண்டு



ஃபிரிட்ஜ் வாங்கப் போனால் எத்தனை ஸ்டார் என்று பார்க்கிறோம். பாரதியார் சாலையில் ஆபீசுக்கு இடம் பிடிக்கப் போனால் என்ன கேட்கிறோம்? அட்வான்ஸ் எவ்வளவு, வாடகை எவ்வளவு, அவ்வளவுதான். அந்தக் கட்டடம் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று கேட்பதில்லை. கட்டடம் கட்டுகிறவர் ஒருத்தர், கரண்ட் பில் கட்டுகிறவர் இன்னொருத்தர். அதனால்தான் மேற்கு வெயிலைப் பார்த்து முழுக் கண்ணாடி வைக்க யாரும் யோசிப்பதில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2018 ஏப்ரலில் ஒரு விதி வந்தது. வணிகக் கட்டடத்தின் ஆற்றல் சான்றிதழ் 'ஈ' தரத்துக்குக் கீழே இருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, புதிதாக வாடகைக்கு விட முடியாது.

நம் நாட்டில் ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001-ல் வந்தது. 2007-ல் வணிகக் கட்டடங்களுக்கு விதித்தொகுப்பு, 2009-ல் அலுவலகக் கட்டடங்களுக்கு ஸ்டார் திட்டம். ஆனால் விதித்தொகுப்பு 100 கிலோவாட் மின்சுமைக்குக் குறையாத கட்டடங்களுக்குத்தான். ஸ்டார் வாங்குவதோ அவரவர் விருப்பம். நம்மூர் சின்னக் கட்டடங்கள் இந்த வலையில் சிக்காத பொடி மீன்கள்.

சட்டம் கேட்காவிட்டால் என்ன, நாம் கேட்கலாமே! கணக்கு ரொம்பச் சுலபம். ஒரு வருஷ யூனிட்டைக் கூட்டி, சதுர மீட்டரால் வகுக்கணும். 2,000 சதுர அடி ஆபீஸ் என்றால் சுமார் 186 சதுர மீட்டர். மாதம் 2,400 யூனிட் என்றால் வருஷத்துக்கு 28,800. வகுத்தால் 155. நம்மைப் போன்ற புழுக்கமான ஊர்களில், பாதிக்கு மேல் ஏ.சி. போட்ட ஆபீசுக்கு 2009-ல் வைத்த அளவுகோல்படி 200-க்குக் கீழே வந்தால் ஒரு ஸ்டார், 100-க்குக் கீழே வந்தால் ஐந்து. நம் 155-க்கு இரண்டுதான் தேறும். வேலை நேரமும் ஆட்களும் கூடினால் எண்ணும் கூடும்; அதையும் பார்த்துத்தான் ஒப்பிடணும்.

கடலோரத்தில் ஏ.சி. காற்றைக் குளிர்விப்பதோடு அதிலுள்ள ஈரத்தையும் பிழிந்தெடுக்கணும். ஆகவே கதவிடுக்கை அடைப்பது, மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு, மேற்கு ஜன்னலுக்கு நிழல், இந்த மூன்றுமே பில்லைக் குறைக்கும்.

நண்பர்களே, அடுத்த முறை இடம் பார்க்கும்போது பன்னிரண்டு மாத பில்லைக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது கட்டடம் ஒழுங்காக எழும்பும். தம்பி தங்கைகளே, முதல் கணக்கை நம் கல்லூரிக் கட்டடத்திலேயே போட்டுப் பாருங்கள்.