வெங்ஙானூரில் ஒரு கல்லறை
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



அமெரிக்க நாட்டிலே, நியூயார்க் மாநிலத்தின் மலைப்புறத்தில் நார்த் எல்பா என்னும் சிற்றூர் உண்டு. அடிமை முறையை ஒழிக்கப் படைக்கலம் ஏந்தி, 1859 டிசம்பர் 2ஆம் நாள் தூக்கிலிடப்பெற்ற ஜான் பிரவுனின் பண்ணை வீடும் கல்லறையும் அங்கே ஒரே நிலத்தில் காக்கப்பட்டு வருகின்றன. அத்தகைய இடம் நம் நாட்டுப்புறத்தில் உண்டோ என்று அன்பர் சிலர் வினவினர். உண்டு. பாலக்காட்டில் இரயிலேறித் திருவனந்தபுரம் சென்று, அங்கிருந்து தெற்கே, விழிஞ்ஞம் கடற்கரையை அடுத்த வெங்ஙானூருக்கு நாங்கள் போய் வந்தோம். அவ்வூரில் பிறந்து அவ்வூரிலேயே அடங்கியிருப்பவர் அய்யன்காளி.

திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல் அரச ஆணையால் நீங்கியது. நம் சித்தூர்ப் பகுதி சேர்ந்திருந்த கொச்சி அரசில் அதற்கு ஓராண்டு முன்பே நீங்கியது. அய்யன்காளியோ 1863 ஆகஸ்டு 28இல் புலையர் குலத்தில் பிறந்தவர். ஆணைக்கு எட்டாண்டு பிற்பட்டவரை அடிமை ஒழித்தவர் எனல் தகுமோ? தகும் என்பதே எங்கள் துணிபு. 1836ஆம் ஆண்டுக் கணக்கின்படி திருவிதாங்கூரில் 1,64,000க்கு மேற்பட்ட அடிமைகள் இருந்தனர். மாந்தரை விற்பதையும் வாங்குவதையும் ஆணை தடுத்தது. ஆயினும், அவர்தம் பிள்ளைகளுக்குப் பொதுவழியும் பள்ளிக்கூடமும் அடைத்தே கிடந்தன.

1893இல் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார். வெள்ளாடை உடுத்து, தலைப்பாகை கட்டி, காளைகளின் மணி ஒலிக்கப் பெருவழியே செலுத்தினார். வண்டி ஏறியது குற்றமாம்! மறித்தவர்களுக்கு அவர் அஞ்சவில்லை. 1898இல் பாலராமபுரம் சாலியத் தெருவில் பெருங்கலகமே மூண்டது.

அவர் எழுத்தறியாதவர். 1904இல் வெங்ஙானூரில் அவர் எழுப்பிய பள்ளிக் கொட்டகையைத் தீயிட்டனர், மீண்டும் கட்டினார். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கம் கண்டார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை வயலில் இறங்கோம் என்று உழவுத் தொழிலாளரை நிறுத்தி வைத்தார். பசி வந்தபோது விழிஞ்ஞத்து மீனவர் தம் படகுகளில் வேலை தந்து காத்தனர் என்பர். கூலிக்கன்றி எழுத்துக்காக நடந்த வேலைநிறுத்தம் வேறெங்கே உண்டு?

பஞ்சமி என்னும் சிறுமியை ஊரூட்டம்பலம் அரசுப் பள்ளிக்கு அவர் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். அப்பள்ளியையும் எரித்தனர். பாதி கருகிய பெஞ்சு ஒன்றை இன்றும் அங்கே வைத்துக் காக்கின்றனர். 2022இல் அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டப்பட்டன. சிலைகளினும் அக்கரிந்த பலகையே எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது. தீயிட்டவர் பெயர் மறைந்தது, அந்தப் பிள்ளையின் பெயர் பள்ளியின் பெயராயிற்று.

அன்பர்களே, இவை மலையாள நாட்டாரின் பழைய குறை, நமக்கென்ன என்று இருத்தல் ஒண்ணாது. நம் வட்டத்திலேயே, முதலமடையை அடுத்த கோவிந்தாபுரத்து அம்பேத்கர் குடியிருப்பில், தமிழ் பேசும் சக்கிலியர் குடும்பங்கள் குடிநீரிலும் தேநீர்க் கடையிலும் ஒதுக்கப்படுவதாக 2017இல் நாளிதழ்கள் எழுதின. மொழியுரிமைக்கு மனு எழுதும் கை, அச்செய்தியைப் படித்தபின் அந்தக் குடியிருப்புக்கும் நடந்திருக்க வேண்டாமா? தமிழ்ச் சங்கம் என்பது எந்தத் தமிழருக்கு என்று அவர்கள் கேட்டால், நம்மிடம் விடை இருத்தல் வேண்டும்.

1937 ஜனவரியில் காந்தியடிகள் வெங்ஙானூர் வந்தார். தம் குலத்தில் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளைக் கண்ணால் கண்டு சாக வேண்டும் என்பதே அய்யன்காளி அவரிடம் வெளியிட்ட ஆசை. 1941 ஜூன் 18இல் அவர் மறைந்தார்.

கல்லறை முன் நின்ற எங்களுக்கு அந்தப் பத்து என்னும் எண்ணே நினைவில் நின்றது. நம் பகுதியில், கூலி வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து முதன்முதல் பட்டம் பெற்ற பிள்ளைகள் எத்துணையர்? வீடு வீடாகச் சென்று, கோவிந்தாபுரத்தையும் சேர்த்து, பெயர்களைத் திரட்டி அடுத்த ஆண்டு மலரின் முதற்பக்கத்தில் அச்சிடுமாறு செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். கணக்கெடுக்க வரும் ஞாயிறு முதலே வர நாங்கள் ஆயத்தம்.