பேரன் இழுத்த நூல்

வீட்டில் உலக உருண்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பூத்தொடுக்கிற நூலும் ஒரு முழம் வேண்டும்.

போன வாரம் சிங்கப்பூர் மேல் நூலின் ஒரு முனையை வைத்து அழுத்திக்கொண்டேன். மறுமுனையை நியூயார்க் வரைக்கும் தொய்வில்லாமல் இழுக்கும்படி பேரனிடம் சொன்னேன். அவன் பசிபிக் கடல் வழியாக இழுத்தான். நூல் அங்கே நிற்கவில்லை. வழுக்கி வழுக்கி மேலே ஏறி, வடதுருவத்தை ஒட்டிப் போய் நின்றது. "அமெரிக்காவுக்குப் போக வடக்கேயா போகணும், தாத்தா?" என்றான்.

ஆமாம். சிங்கப்பூர் 104 பாகை கிழக்கு, நியூயார்க் 74 பாகை மேற்கு. கூட்டினால் 178. அரைச் சுற்றே 180தான். அதாவது துருவத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர், இந்தப் பக்கம் ஓர் ஊர். தூரத்தை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். சிங்கப்பூரிலிருந்து துருவம் 89 பாகை, துருவத்திலிருந்து நியூயார்க் 49 பாகை, ஆக 138. பாகைக்கு 60 கடல் மைல், கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 15,300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். பேரன் நோட்டில் பெருக்கி, விடையைச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சுவரில் மாட்டும் தட்டையான படத்தில் இந்த வழி தெரியாது. மெர்க்காட்டர் 1569-ல் கப்பலோட்டிகளுக்காக வகுத்த அந்த முறையில் துருவத்தை வரையவே முடியாது. பிள்ளைகளுக்கு முதலில் உருண்டையைத்தான் காட்ட வேண்டும் என்பேன்.

இந்த இரு ஊர்களுக்கும் இடையே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எங்கும் இறங்காமல் பறக்கிறது. 2004-ல் நியூயார்க்கை அடுத்த நுவார்க் விமான நிலையத்துக்குத் தொடங்கினார்கள். நான்கு இன்ஜின் விமானம், எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013-ல் நின்றது. 2018-ல் இரண்டே இன்ஜின் கொண்ட ஏர்பஸ் ஏ350 வந்தது. 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும், ஆனால் இருக்கைகள் 161 மட்டுமே. அவ்வளவு தூரத்துக்கு எடையைக் குறைத்துத்தானே ஆகவேண்டும்?

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. நியூயார்க் போகும் விமானி பெரும்பாலும் அந்த நூல் காட்டிய வழியில் போவதில்லை. பேரன் முதலில் இழுத்தானே, அந்தப் பசிபிக் வழியில்தான் போகிறார்! ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். ஆனால் அங்கே பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக 'ஜெட் ஸ்ட்ரீம்' என்ற காற்றாறு ஓடுகிறது. அது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் முதுகில் தள்ளினால், 900-ல் பறக்கும் விமானம் தரைக்கணக்கில் 1,050-ல் போகும். சுற்றுவழிதான் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

திரும்பும்போது அதே காற்று எதிர்க்காற்று. அதனால் பல நாள் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக மறுபடியும் கிழக்கே பறந்தே சிங்கப்பூர் சேர்கிறார்கள். அப்படிப் போய் வந்த பயணி, ஊருக்குத் திரும்பும்போது உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்திருப்பார்.