விதித்தலும் வேண்டலும்



வியங்கோள் வினைமுற்றுக்கு வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்னும் பொருள்களைத் தமிழிலக்கணம் வகுத்துள்ளது. ‘வருக’ என்னும் ஒரே வடிவம் ஆணையாகவும் அமையலாம், வேண்டுகோளாகவும் அமையலாம். விதித்தலுக்கும் வேண்டலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இலக்கண வகுப்போடு முடிந்துவிடுவதன்று. காலநிலை மாற்றத்தைத் தடுக்க அரசுகள் செய்துகொண்ட உடன்பாடுகளின் வரலாறு பெரிதும் அவ்வேறுபாட்டைச் சுற்றியே இயங்கி வந்துள்ளது. சொல்லின் எடையறிந்தோர் அவ்வரலாற்றை அறிந்திருத்தல் தகும்.

1992இல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட ஐக்கிய நாடுகளின் காலநிலை மாற்ற உடன்படிக்கை, பொறுப்பு எல்லா நாடுகளுக்கும் பொதுவானது, ஆயினும் அதன் அளவு வேறுபடும் என்னும் நெறியை ஏற்றது. வளர்ந்த நாடுகள் முன்னே நடக்க வேண்டும் என்பது அதன் கருத்து. 1997இல் உருவான கியோட்டோ நெறிமுறை அக்கருத்தை விதியாக்கி, அந்நாடுகளுக்கு மட்டும் கட்டாயமான குறைப்பு அளவுகளை வகுத்தது. ஆனால் அதற்கு முன்பே, அவ்வாண்டு ஜூலையில், வளரும் நாடுகளுக்குக் கடப்பாடு விதிக்காத உடன்பாட்டில் அமெரிக்கா சேரலாகாது என்று அந்நாட்டு மேலவை தீர்மானித்திருந்தது. 95 பேர் ஆதரித்தனர், ஒருவரும் எதிர்க்கவில்லை. அமெரிக்கா நெறிமுறையில் கையெழுத்திட்டும் அதை உறுதிசெய்யவில்லை; 2001இல் கைவிட்டது. கனடா 2011இல் வெளியேறுவதாக அறிவித்தது. விதி இருந்தது, விதிக்கு உட்படுவோர் குறைந்தனர்.

இந்தப் பின்னணியில்தான் 2015 டிசம்பர் 12ஆம் நாள் பாரிசில் நிகழ்ந்ததைக் காண வேண்டும். உமிழ்வுக் குறைப்பில் வளர்ந்த நாடுகள் முன்னிற்பது பற்றிய பிரிவின் இறுதிப் படியில் ‘ஷல்’ என்னும் ஆங்கிலத் துணைவினை இடம்பெற்றிருந்தது. சட்டமொழியில் அது விதித்தல். வளரும் நாடுகளுக்கோ ‘ஷுட்’ என்றிருந்தது. அது வேண்டலுக்கு நெருங்கியது. அமெரிக்கக் குழு தடை எழுப்பியது. ‘ஷல்’ நிலைத்தால் உடன்பாட்டை மேலவையின் மூன்றில் இரு பங்கினர் ஒப்புதலுக்குக் கொண்டு செல்ல நேரும். அங்கே அது தேறாது என்பதை 1997 காட்டியிருந்தது. பிழைதிருத்தம் என்னும் பெயரில் அச்சொல் மாற்றப்பட்டது. பிற சிறு திருத்தங்களோடு செயலகத்தார் அதையும் வாசித்தனர். தலைவர் லொரான் ஃபாபியுஸ் சுத்தியலைத் தட்டினார். அரங்கம் எழுந்து ஆரவாரித்தது.

இதனை வஞ்சகம் என்று மட்டும் கூறி அமைவது எளிது. அச்சொல் மாறியிராவிடில் அமெரிக்கா அவ்வுடன்பாட்டுக்குள் வந்திருக்க வழியில்லை. வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் அடக்க முயல வேண்டும் என்று மார்ஷல் தீவுகள் முதலிய சிறு தீவு நாடுகள் போராடிப் பெற்ற குறிக்கோளும் அதே ஏட்டில்தான் உள்ளது. எனினும் வேண்டலுக்குரிய விலையும் கொடுக்கப்பட்டது. இலக்கை அந்தந்த நாடே வகுத்துக்கொள்ளும். தவறினால் தண்டனை இல்லை. அமெரிக்கா 2020 நவம்பரில் விலகிற்று; 2021 பிப்ரவரியில் மீண்டது; 2025 ஜனவரியில் மீண்டும் விலக ஆணையிடப்பட்டது.

சொல்லை மென்மையாக்கும் வேலை செல்வ நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. 2021 நவம்பரில் கிளாஸ்கோவில், கரியமில வாயுவைப் பிடித்துவைக்கும் ஏற்பாடில்லாத நிலக்கரி மின்னுற்பத்தியைப் ‘படிப்படியாக ஒழித்தல்’ என்றிருந்த தொடரைப் ‘படிப்படியாகக் குறைத்தல்’ என மாற்றும்படி இறுதி அமர்வில் இந்திய அமைச்சர் பூபேந்தர் யாதவ் முன்மொழிந்தார். வறுமையை இன்னும் ஒழிக்க வேண்டிய நாடுகள் அத்தகைய உறுதியை எவ்வாறு அளிக்க இயலும் என்பது அவரது வினா. ஜார்க்கண்டிலும் நெய்வேலியிலும் சுரங்கத்தை நம்பி வாழும் குடும்பங்களை எண்ணுவோர்க்கு அவ்வினா வெறும் சாக்காகத் தோன்றாது. நிலக்கரியைப் பெயரிட்ட அத்தொடர், எண்ணெயையும் எரிவாயுவையும் பெயரிடாமல் விட்டதும் கருதத்தக்கது. ஆயினும் கடல் ஏறிவரும் கரையில் நிற்போர்க்கு ‘ஒழித்தல்’ என்பதே உயிர்ச்சொல். மாற்றத்தை ஏற்றுக்கொண்ட மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா, தழுதழுத்த குரலில் மன்னிப்புக் கேட்டார். புதைபடிவ எரிபொருள்கள் அனைத்தையும் விட்டு விலகுதல் என்னும் கருத்து ஆண்டு மாநாடு ஒன்றின் முடிவில் முதன்முறையாக இடம்பெற 2023 துபாய் வரை காத்திருக்க நேர்ந்தது.

இத்தகைய அவைகளில் கவிஞர்க்கு இடமுண்டா? 2014 செப்டம்பரில் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகளின் காலநிலை உச்சி மாநாட்டுத் தொடக்கத்தில், மார்ஷல் தீவுகளின் கவிஞர் கேத்தி ஜெட்னில்-கிஜினர் தம் பெண் குழந்தையை முன்னிலைப்படுத்தி எழுதிய கவிதையை அரசுத் தலைவர்கள் முன் வாசித்தார். அது உடன்பாட்டின் ஒரு சொல்லையும் மாற்றிவிடவில்லை. ஆனால், எந்தச் சொல் யாருக்காக என்பதை அங்கிருந்தோர் மறக்க இயலாதபடி செய்தது.

இதே பசிபிக் பகுதியின் சட்ட மாணவர்கள் 2019இல் தொடங்கிய முயற்சியை வனுவாட்டு அரசு ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை வரை எடுத்துச் சென்றது. 2025 ஜூலை 23 அன்று அனைத்துலக நீதிமன்றம், காலநிலையைக் காப்பதில் அரசுகளுக்குச் சட்டக் கடப்பாடு உண்டு என்றும், இலக்கு வகுப்பதில் அவற்றுக்குள்ள உரிமை வரம்பற்றதன்று என்றும் கூறியது. வேண்டலாக எழுதப்பட்ட ஏட்டுக்குள் விதித்தலும் அடங்கியிருப்பதை அது வாசித்துக் காட்டியது. அதுவும் கட்டுப்படுத்தும் தீர்ப்பன்று, அறிவுரைக் கருத்தே. எனினும் உள்நாட்டு நீதிமன்றங்களில் வழக்குரைப்போர்க்கு அது ஒரு பிடி.

தமிழில் எழுதுவோர்க்கும் இங்குப் பணியுண்டு. ‘ஒழித்தல்’, ‘குறைத்தல்’ இரண்டையும் ‘கட்டுப்படுத்துதல்’ என்று பெயர்த்துவிட்டால், இரு தரப்பினர் இரவெல்லாம் போராடிய வழக்கே தமிழ் வாசகர்க்குத் தெரியாமல் மறையும். அரசுகள் வேண்டுமென்றே மங்கலாக்கிய சொல்லை, மங்கலானது என்று தெரியும்படி தமிழில் எழுதுதல் வேண்டும். விதித்தல் எது, வேண்டல் எது என்று பிரித்தறியும் மக்களையே ஆட்சியாளர் எளிதில் ஏய்க்க இயலாது.